மூட்டு மாற்றியவருக்கு மடக்கு வாக்கர்

முழங்கால் மூட்டு மாற்றிய முதல் சில வாரங்களுக்கு அலுமினிய மடக்கு வாக்கரே போதும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். உயரம் மாற்றியதும் நாலு காலிலும் பொத்தான் ‘டக்’கென்று துளைக்கு வெளியே துருத்துகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், ஒன்று பாதியில் நின்றாலும் பாரம் விழும்போது அந்தக் கால் உள்ளே இறங்கிவிடும்.

பெரிய குறை அடி ரப்பர் புஷ். தேய்ந்து வழவழப்பானால் ஈர டைல்ஸில் வழுக்கும். தனியாகவே கிடைக்கும், மாற்றிவிடுங்கள். குளியலறைக் கதவின் அகலத்தை அளந்துகொண்டே கடைக்குப் போங்கள், பழைய வீடுகளில் பல வாக்கர் நுழையாது.

நடக்கும்போது முதலில் வாக்கரை முன்னே வையுங்கள், அடுத்து ஆபரேஷன் செய்த கால், பிறகு நல்ல கால். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்தால் கவிழும். நாற்காலியின் கையை ஊன்றி எழுங்கள்.