கல் மூங்கிலா, ஆறு பட்டைக் கோலா, கார்பன் தண்டா? சென்னையில் தூண்டில் கோல் செய்ய விரும்புவோருக்கு

தூண்டில் கோலைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுபவருக்குச் சென்னையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முழு மூங்கில் கழியைப் பதப்படுத்தி அப்படியே கோலாக்கலாம். மூங்கிலை ஆறு பட்டைகளாகப் பிளந்து, இழைத்து, மறுபடி ஒன்றாக ஒட்டி, போலிப் பூச்சி வீசும் ஃப்ளை ராட் செய்யலாம். ஆலையில் தயாரான கார்பன் அல்லது கண்ணாடியிழை வெறுந்தண்டை வாங்கி, பிடி, நூல் ஓடும் வளையங்கள், ரீல் (நூல் சுற்றும் சக்கரம்) உட்காரும் இருக்கை ஆகியவற்றை மட்டும் நாமே கட்டிக்கொள்ளலாம். மூன்றும் கைவேலைதான் என்றாலும் கை வேலை செய்யும் இடம் ஒவ்வொன்றிலும் வேறு. விலையைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் எண்ணம்.

முழுக் கழிக்கு ஏற்றது கல் மூங்கில். நம் வறண்ட மலைக்காடுகளில் வளர்கிற இந்த மூங்கிலின் உட்குழி மிகச் சிறியது. சில கழிகளில் குழியே இருக்காது. வளைக்கும்போது குழாய்போல் நசுங்காது என்பதால் மெல்லிய கழியே பெரிய பாரத்தைத் தாங்கும். இங்கே திறமை முழுவதும் தேர்விலும் பொறுமையிலும் இருக்கிறது. மூன்று வயதாவது முதிர்ந்த கழியாகப் பார்க்க வேண்டும். பச்சைக் கழியில் மாவுச்சத்து நிறைந்திருக்கும். அதைத் தின்ன வரும் வண்டு துளைத்து, சில மாதங்களில் மாவாகக் கொட்டிவிடும். தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இந்தப் பூச்சிக்குப் பயந்துதான். பிறை எதுவானாலும், கழியை இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்தில் பெரும்பகுதி கரைந்து வெளியேறும். பிறகு நிழலில் நிமிர்த்தி வைத்து உலர்த்தி, வளைந்த கணுக்களைத் தீயில் வாட்டி நேராக்கி, எண்ணெய் தேய்த்து, நுனியில் பட்டு நூலோ நைலான் நூலோ இறுக்கிச் சுற்றினால் கோல் தயார். ரீல் கிடையாது. கோலின் நீளத்துக்குத் தங்கூசி என்கிற நைலான் நூல், ஒரு நெட்டித் தக்கை, சிறிய ஈயக்குண்டு, முள். சில நூறு ரூபாய்க்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஜிலேபிக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் இதைவிட நல்ல கோல் தேவையில்லை என்பேன். தக்கை அசைவதற்கு முன்பே மீன் இரையைத் தொட்டது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். குறை இரண்டு. நூலை விட்டுப்பிடிக்க வழியில்லாததால் பெரிய கொடுவா கடித்தால் நூலோ முள்ளோ போய்விடும். பத்துப் பன்னிரண்டு அடிக் கழியை அடுக்குமாடி லிஃப்டிலும் மாநகரப் பஸ்ஸிலும் கொண்டுபோக முடியாது என்பது இன்னொன்று. நடுவில் அறுத்துப் பித்தளைப் பூண் போட்டு இரண்டு துண்டாக்கலாம். ஆனால் கல் மூங்கிலின் அழகான முழு வளைவு அந்தப் பூணில் வந்து தடைபடும். ஏரிக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு இருப்பவர்கள் கழியை அறுக்காமல் வைத்துக்கொள்ளட்டும்.

ஆறு பட்டைக் கோலுக்கு வருவோம். என்னை அதிகம் ஈர்ப்பதும், அதிக உழைப்பு கேட்பதும் இதுதான். ஒரே கழியிலிருந்து பட்டைகளைப் பிளந்து, ஒவ்வொன்றையும் 60 பாகைச் சமபக்க முக்கோணமாக இழைத்து, ஆறையும் சேர்த்து ஒட்டினால் அறுகோணக் கோல் கிடைக்கும். எட்டடிக் கோலின் அடிப்பக்கம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் என்றால், அங்கே ஒரு பட்டையின் உயரம் 4 மில்லிமீட்டர். நுனியில் அதே பட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த மெலிவு எங்கே வேகமாக, எங்கே மெதுவாக நடக்கிறது என்பதுதான் கோலின் குணத்தைத் தீர்மானிக்கிறது. அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு தவறினாலும் வீச்சு மாறும். அதனால் இருபுறமும் போல்ட் வைத்து அகலத்தைத் திருத்தக்கூடிய நீண்ட எஃகு அச்சில் பட்டையைக் கிடத்தி இழைக்கிறார்கள். நல்ல தச்சர் ஒருவர் இழைப்புளியை எப்படிச் சாணை பிடிக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மேல்தோல் பக்கத்தில் இழைப்புளி படவே கூடாது. மூங்கிலின் வலிமை தரும் நார்கள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. உள்ளே போகப் போகச் சோறு எனப்படும் மென்மையான பகுதிதான் அதிகம்.

உலகம் முழுவதும் இதற்கு விரும்பும் மூங்கில் சீனாவின் குவாங்டோங் பகுதியில் விளையும் டோங்கின். நம் கல் மூங்கில் அதற்கு ஈடாகுமா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கல் மூங்கிலின் கெட்டித்தன்மையை நினைத்து "இன்னும் சிறப்பாக இருக்குமே" என்று தோன்றும். அந்தக் கெட்டித்தன்மை இங்கே உதவாது. வெளிப்புறத்து நான்கு மில்லிமீட்டர்தான் கோலுக்குள் போகிறது. மற்றதெல்லாம் சீவலாகக் கீழே விழுகிறது. உள்ளே குழி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? தேவையானது நேரான கழி, புடைக்காத கணு, தோலுக்கடியில் அடர்ந்த நார். இம்மூன்றிலும் டோங்கின் முந்துகிறது. கல் மூங்கிலின் கணுக்கள் தடித்தவை, கழியும் கோணல். ஒவ்வொரு கணுவையும் அரத்தால் தேய்த்து, சூடேற்றி, பிடிகருவியில் அழுத்தித் தட்டையாக்க வேண்டும். டோங்கினிலும் இந்த வேலை உண்டு. இங்கே பல மடங்கு.

இருந்தாலும் நம் நாட்டு மூங்கிலை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சாமுவேல் ஃபிலிப்பி போன்றவர்கள் இந்தக் கலையைத் தொடங்கியபோது கையில் எடுத்தது கல்கத்தா துறைமுகம் வழியாகப் போன மூங்கிலைத்தான். டோங்கின் அதன் இடத்தைப் பிடித்தது பிற்பாடு. 1950-இல் அமெரிக்கா சீன வணிகத்துக்குத் தடை போட்டதும் டோங்கின் வரத்து நின்றது. ஏற்கெனவே சந்தைக்கு வந்திருந்த கண்ணாடியிழைக் கோல்கள் அந்த இடைவெளியில் வேரூன்றின. இன்று டோங்கினை இறக்குமதி செய்தால் கழியின் விலையைவிட வந்துசேரும் செலவு கூடிவிடும். முதல் கோலை, ஏன் முதல் சில கோல்களை, கல் மூங்கிலில் இழைத்துப் பழகுங்கள். கெட்டுப்போனால் வயிறு எரியாது. 2017-இல் திருத்தப்பட்ட இந்திய வனச் சட்டம், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கிவிட்டது. ஆகவே விவசாயிகளிடமிருந்து வாங்குவதும் முன்பைவிட எளிது.

சென்னையில் ஆறு பட்டைக் கோலின் உண்மையான எதிரி ஈரக்காற்று. பட்டைகளைச் சுமார் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் சிறிது நேரம் பதப்படுத்தினால் ஈரம் போய் விறைப்பு கூடும். அதையே மாடியறையில் திறந்து போட்டுவிட்டால் சில நாட்களில் காற்றின் ஈரத்தை மீண்டும் குடித்துவிடும். சூடு ஆறியதும் சிலிக்கா ஜெல் பையோடு பிவிசி குழாயில் அடைத்து மூடி வைத்து, தாமதிக்காமல் ஒட்டிவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் பசையையும் வார்னிஷையும் தொடாதீர்கள். பங்குனி சித்திரையில், பிற்பகல் கடற்காற்று உள்ளே வருவதற்கு முந்தைய உலர்ந்த நேரம் இதற்கு வாய்ப்பானது.

முழுக் கழிக்கு இந்தக் கவலை குறைவு. மேலே எண்ணெய்ப் பூச்சு இருந்தால் ஆண்டு முழுவதும் தாங்கும். கார்பனுக்கு இந்தக் கவலையே இல்லை. ஆனால் வளையத்தைக் கட்டிய நூலின்மேல் பூசும் எப்பாக்ஸி ஈரக்காற்றில் வெளிறிப்போகும். பூசி முடித்ததும் ஒருபக்கம் வழிந்து திரளாதபடி கோலை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும். கார்பன் தண்டில் நம் கை செய்வது ஏறக்குறைய இவ்வளவுதான். எந்தப் பக்கம் விறைப்பு அதிகம் என்று உருட்டிப் பார்ப்பது, வளையங்களின் இடைவெளியைக் கணிப்பது, பிடியைக் கைக்கு ஏற்பத் தேய்ப்பது. வளைவை ஆலை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. அதைக் குறை என்று நான் சொல்லவில்லை. கோவளம் கரையிலோ முட்டுக்காட்டிலோ கடற்காற்றை எதிர்த்துக் கனமான இரையைத் தூக்கி வீசிக் கொடுவாவையோ பாரையையோ நிறுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் கார்பன்தான். எட்டடி மூங்கில் ஃப்ளை ராட் பெரும்பாலும் 100 கிராமைத் தாண்டும். அதே நீளக் கார்பன் அதைவிட நன்றாகவே இலகு. அந்த வித்தியாசம் மணிக்கணக்கில் வீசும்போது தோளுக்குத் தெரியும். மூங்கில் ஃப்ளை ராடுக்கு உரிய தண்ணீர் வேறு. காற்றில்லாத காலையில் ஏரியோரம் ஜிலேபிக்கு மெல்ல வீசலாம். அல்லது நீலகிரிக்கு எடுத்துப்போய், உரிய அனுமதி பெற்று, அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் டிரௌட்டுக்கு வீசலாம்.

கார்பன் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். ஈயக்குண்டு இடித்த சிறு காயம் கண்ணுக்குத் தெரியாமலே இருந்து, ஒருநாள் நல்ல மீனோடு கோலை ஒடித்துவிடும். இரண்டாவது உயிர் பற்றியது: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரைகளில் தாழ்வாகப் போகும் மின்கம்பிகளின் கீழே கார்பன் கோலைத் தூக்கிப் பிடிக்கவே கூடாது. இடி மின்னல் வந்தால் உடனே கீழே வைத்துவிட வேண்டும். ஈர மூங்கிலையும் அங்கே நம்பக் கூடாது.

பழுது பார்ப்பதில் முழுக் கழிக்கு நிகரில்லை. நுனி ஒடிந்தால் புது நுனி கட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் புதுக் கழி. ஆறு பட்டைக் கோலின் நுனியைத் திரும்ப இழைக்கலாம், ஆனால் அதே கழியின் மூங்கில் வேண்டும். அதனால்தான் இந்தக் கோலைச் செய்பவர்கள் தொடக்கத்திலேயே இரண்டு நுனிகள் செய்துவைக்கிறார்கள். நீங்களும் கழி வாங்கும்போது பட்டை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்: அடித்துண்டுக்கு ஆறு, இரண்டு நுனித்துண்டுகளுக்குப் பன்னிரண்டு, பிளக்கும்போது கோணிப்போவதற்கு இன்னும் நான்கைந்து. ஒரே கழியிலிருந்து அத்தனையும் தேறாது என்று தோன்றினால், அதைவிடப் பருத்த கழியைக் கேட்டு வாங்குங்கள்.