ஒரே ஒரு நாள்: வியன்னாவா, லண்டனா?

ஐரோப்பா போகிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: மேற்கத்தியச் செவ்வியல் இசையை நேரில் கேட்க ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, அதை வியன்னாவில் வைத்துக்கொள்வதா, லண்டனிலா? இரண்டு ஊரிலும் காலையில் தொடங்கி ராத்திரி வரை கேட்டுக்கொண்டே திரிந்த நாட்கள் எனக்கு உண்டு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் முதல் ஜூன் வரை போவதானால் வியன்னா, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஜூலை பிற்பாதியிலோ ஆகஸ்டிலோ போவதானால் யோசிக்கவே வேண்டாம், லண்டன்.

வியன்னாவில் ஞாயிறு காலை 9:15 மணிக்கே நாள் தொடங்கிவிடும். ஹோஃப்பர்க் அரண்மனைக்குள் இருக்கும் சின்னத் தேவாலயத்தில் திருப்பலி. பாடுவது வியன்னா சிறுவர் பாடகர் குழு, உடன் வாசிப்பது ஸ்டேட் ஓபரா என்ற இசைநாடக அரங்கின் கலைஞர்கள். 1498இல் பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் தொடங்கிவைத்த மரபு. இசையமைப்பாளர் ஷூபர்ட் சிறுவனாக இருந்தபோது இங்கே பாடியிருக்கிறார். பிற்காலத்தில் இன்னொரு இசையமைப்பாளர் புருக்னர் ஆர்கன் வாசித்திருக்கிறார். பாடுகிறவர்கள் பின்பக்க மாடத்தில் இருப்பதால் கண்ணில் படமாட்டார்கள். முதல் முறை போனபோது எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் மனம் மாறிவிட்டது. முதுகுக்குப் பின்னாலிருந்து, தலைக்கு மேலிருந்து குரல் இறங்கி வருகிறது. பார்க்க எதுவும் இல்லாததால் காது மட்டுமே விழித்திருக்கிறது. திருப்பலி முடிந்ததும் அந்தச் சிறுவர்கள் மாலுமிச் சட்டையோடு கீழே இறங்கி வந்து முன்னால் நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள். இத்தனை நேரம் கேட்ட குரல் இவ்வளவு சின்ன உடம்பிலிருந்தா வந்தது என்று தோன்றும்.

அப்புறம் 11 மணி. இங்கே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, மியூசிக்ஃபெராய்ன் என்ற கச்சேரிக் கட்டடத்தின் தங்க அரங்கில் வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவின் ஞாயிறு காலைக் கச்சேரி. சனிக்கிழமை பிற்பகல் 3:30, ஞாயிறு காலை 11 என்பது அவர்களுடைய சந்தாக் கச்சேரிகளின் வழக்கமான நேரம். சந்தா பெறப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு மிஞ்சுவது சந்தாதாரர்கள் திருப்பித் தரும் டிக்கெட்தான். அது கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். சிறுவர் குழுவின் தேவாலயத்திலிருந்து சில நிமிட நடையில் அகுஸ்டீனர் தேவாலயம் இருக்கிறது. ஞாயிறு 11 மணித் திருப்பலியில் பெரும்பாலும் பாடகர் குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து மோட்சார்ட், ஹைடன், ஷூபர்ட் என்று ஏதாவது ஒரு முழு மாஸ் (திருப்பலிக்கான இசை) இசைப்பார்கள். டிக்கெட் தேவையில்லை. புருக்னரின் எஃப் மைனர் மாஸ் 1872இல் முதன்முதலாக ஒலித்த இடமே இதுதான். வழிபாட்டுக்காக எழுதிய இசையை வழிபாட்டுக்கு நடுவிலேயே கேட்பது கச்சேரி மேடை தராத அனுபவம். கைதட்டல் கிடையாது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பிரார்த்தனை.

ஆனாலும் தங்க அரங்கில் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். 1870இல் திறந்த கட்டடம். ஏறக்குறைய 49 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம், 18 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம். கிட்டத்தட்ட ஒரு செருப்புப் பெட்டியின் வடிவம். அரங்கு நிறைந்திருக்கும்போது கடைசிச் சுரம் அடங்க இரண்டு வினாடி ஆகும். அந்த இரண்டு வினாடிதான் இந்த அரங்கின் சொத்து. ஃபில்ஹார்மோனிக்கின் வாத்தியங்களும் மற்ற ஊர்களில் இருப்பவை அல்ல: வியன்னா ஹார்ன், வியன்னா ஓபோ என்ற ஊதுவாத்தியங்கள் இரண்டும் தனி வகை, டிம்பனி முரசுக்கு ஆட்டுத்தோல். சுருதியும் வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 443, கொஞ்சம் உயரம். அந்த ஹார்ன் சத்தம் பளிச்சென்று வெட்டாது, மரத்துக்குள் ஊறி வருவதுபோல வரும். குறையும் சொல்ல வேண்டும். பெண்களை முழு உறுப்பினராகச் சேர்க்க இந்தக் குழு 1997 வரை எடுத்துக்கொண்டது. இவ்வளவு பெரிய இசைக்கு அது தீராத களங்கம்.

மாலையில் ஸ்டேட் ஓபரா, மியூசிக்ஃபெராய்னிலிருந்து ஐந்தாறு நிமிட நடை. இந்த இடத்தில்தான் வியன்னா லண்டனை முந்துகிறது என்பேன். ஃபில்ஹார்மோனிக்கில் சேர வேண்டுமானால் முதலில் ஸ்டேட் ஓபராவின் ஆர்க்கெஸ்ட்ராவில் குறைந்தது மூன்று ஆண்டுகள் வாசித்திருக்க வேண்டும். காலையில் மேடையில் நடுநாயகமாக இருந்த அதே வாசிப்பு மரபு, மாலையில் மேடைக்கு முன்னால் குழிக்குள் இறங்கி, பாடுகிறவர் மூச்சு எடுக்கும்வரை காத்திருக்கிறது. காலையில் அவர்கள் ஹார்ன் முழங்கியதைக் கேட்ட காதோடு, மாலையில் அதே ஹார்ன் உச்சஸ்தாயியில் பாடும் ஒரு சோப்ரானோவின் மெல்லிய குரலுக்குக் கீழே பதுங்கிப் போவதைக் கேட்டுப் பாருங்கள். நல்ல பக்கவாத்தியத்தை ரசிக்கத் தெரிந்த நம் ஊர்க் காதுக்கு இது உடனே பிடிபடும். மைக் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். எழுபது எண்பது வாத்தியங்களைத் தாண்டி ஒரு தொண்டை மட்டும் கடைசி வரிசைவரை வருகிறது.

உட்கார்ந்து பார்க்கும் நல்ல இருக்கைகள் இருநூறு யூரோவையும் தாண்டும். நின்று பார்க்கும் இடங்கள் அன்றன்றைக்கே விற்பவை, இருபது யூரோவுக்குள் முடிந்துவிடும். என் ஓட்டு நிற்பதற்குத்தான், முடிந்தால் தரைத்தளத்தில். உள்ளே போனதும் உங்கள் இடத்துக் கம்பியில் ஒரு துண்டையோ ஸ்கார்ஃபையோ கட்டிவிட்டு வெளியே போய்ச் சாப்பிட்டு வரலாம், யாரும் அந்த இடத்தைத் தொடமாட்டார்கள். கம்பியிலேயே சின்னத் திரை உண்டு. பாடலின் பொருள் வரிவரியாக அதில் ஓடும். முதல் தடவை நான் கட்டுவதற்கு எதுவும் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் நின்ற பாட்டி தன் பையைத் துழாவி ஒரு கைக்குட்டையை எடுத்து, தானே முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். ஒன்று மட்டும்: வாக்னரின் நீண்ட ஓபரா நடக்கும் நாளில் நிற்காதீர்கள். ஐந்து மணி நேரத்துக்கு அப்புறம் கால் வலியைத் தவிர வேறெதுவும் நினைவில் இருக்காது.

ஓபராவைச் சுற்றி மோட்சார்ட் மாதிரி டோப்பா வைத்துக்கொண்டு கச்சேரி டிக்கெட் விற்பவர்கள் வருவார்கள். அது சுற்றுலாப் பயணிகளுக்கான வேறு நிகழ்ச்சி. நகர்ந்து போய்விடுங்கள்.

சரி, லண்டன். அங்கே ஞாயிறைவிடத் திங்கட்கிழமை நல்லது. பகல் 1 மணிக்கு விக்மோர் ஹாலில் ஒரு மணி நேரக் கச்சேரி, பிபிசி ரேடியோ 3 நேரலையில் ஒலிபரப்பும் தொடர். 1901இல் பெக்ஸ்டைன் என்ற ஜெர்மன் பியானோ நிறுவனம் கட்டிய அரங்கு. முதல் உலகப் போரில் எதிரிச் சொத்தென்று பறிமுதலாகி, 1917இல் இன்றைய பெயரோடு திறந்தது. சுமார் 550 இருக்கைகள்தான். பியானோக்காரரின் மூச்சும், பக்கம் திருப்புகிறவரின் விரலில் தாள் உரசும் சத்தமும் கேட்கும். நால்வர் வாசிக்கும் குவார்ட்டெட்டுக்கும் தனிக்குரல் பாட்டுக்கும் நான் கேட்டவரையில் இதற்கு மேல் ஓர் அரங்கு இல்லை, வியன்னாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அங்கிருந்து சென்ட்ரல் லைன் ரயில் ஏறினால் செயின்ட் பால்ஸ் பேராலயம். மாலை 5 மணிக்கு ஈவன்சாங் என்ற பாட்டோடு கூடிய மாலை வழிபாடு, இலவசம். பிறகு ஸ்ட்ராண்ட் வழியாக நடந்தால் கவண்ட் கார்டனில் ராயல் ஓபரா ஹவுஸ்.

இந்த நாளில் அலைச்சல் அதிகம், செலவும் அதிகம். ராயல் ஓபராவில் மலிவு டிக்கெட் என்றால் பல சமயம் மேடையின் ஒரு பகுதி மறைந்துவிடும். வெள்ளிக்கிழமை பகல் 1 மணிக்கு அடுத்த வாரத்துக்கான டிக்கெட்டுகளில் கொஞ்சம் இணையத்தில் விடுவார்கள், அதைக் குறிவையுங்கள். பாடும் தரத்தில் வியன்னாவுக்கு எந்த விதத்திலும் குறைவில்லை. ஒத்திகையும் மேடை அமைப்பும் பல நேரம் லண்டனில்தான் கச்சிதம். வியன்னாவில் கிட்டத்தட்ட தினம் ஒரு ஓபரா மாறுவதால், சில இரவுகளில் பாடகர்கள் மேடையில் எங்கே நிற்பது என்று தேடுவது தெரியும். ஆனால் லண்டன் நாளில் மூன்று தனித்தனி நல்ல விஷயங்கள் கிடைக்கின்றன; ஒன்று இன்னொன்றை விளக்குவதில்லை. எனக்கு வியன்னா மேலாகப் படுவது அதனால்தான்.

கோடையில் கதை தலைகீழ். ஜூலை, ஆகஸ்டில் வியன்னா ஸ்டேட் ஓபராவுக்கு விடுமுறை. லண்டனில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஜூலை நடுவிலிருந்து எட்டு வாரம் பிபிசி ப்ராம்ஸ் இசைவிழா நடக்கும். 1895இல் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் ஹென்றி வுட் நடத்த ஆரம்பித்த தொடர்; முதலில் நடந்துவந்த குயின்ஸ் ஹால் 1941இல் குண்டுவீச்சில் எரிந்தபின் இங்கே வந்தது. ஐயாயிரத்துக்கு மேல் கொள்ளும் நீள்வட்டமான பெரும் கூடம். ஒலி விஷயத்தில் தங்க அரங்கோடு ஒப்பிடவே முடியாது. எதிரொலியை அடக்க 1969இல் கூரையில் காளான் மாதிரி தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். ஆனால் மேடைக்கு நேர் முன்னால் நிற்கும் இடத்துக்குப் பத்துப் பவுண்டுக்குள்தான். வயலின் வில்லின் அசைவு கண்ணுக்கு முன்னால் தெரியும். பியானோ மூடியைத் தூக்கும்போது கீழே நிற்பவர்கள் "ஹீவ்" என்று கத்த, மேலே கேலரியில் இருப்பவர்கள் "ஹோ" என்று பதில் கொடுப்பார்கள். 1961 முதல் கிளைண்ட்போர்ன் ஓபரா விழாக் குழுவும் இங்கே வந்து பாடுகிறது. அந்த இரவு உங்கள் நாளில் விழுந்தால் ஓபராவும் அதே விலையில் கிடைத்துவிடும். சில நாட்களில் முதல் கச்சேரி முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் இன்னொன்றும் தொடங்கும்.

நின்றால் கால் வலிக்கும் என்றால் கேலரிக்கே டிக்கெட் வாங்கிவிடுங்கள். அங்கே தரையில் துணி விரித்து, கையைத் தலைக்கு அணை கொடுத்துப் படுத்தபடியே கேட்கிறவர்கள் உண்டு. ஒரு மாலர் சிம்பொனியின் மெதுவான பகுதியை நானும் அப்படித்தான் கேட்டேன். கண்ணுக்கு நேரே அந்தக் காளான்கள், கீழேயிருந்து ஏறி வரும் செலோக்கள்.