பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட்: தமிழில் வேலை செய்பவர் பார்வையில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. எங்கள் வீட்டுக் கணினியில் இருப்பது இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 கேட்கும் ப்ராசசர் பட்டியலில் அது இல்லை. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் இருந்து நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாம் என்று நினைத்தேன். நான் மெய்ப்புத் திருத்துபவள். நாள் முழுக்கத் தமிழ்க் கோப்புகளோடுதான் வேலை. மாலையில் அதே கணினியில் அம்மா வீடியோ பார்ப்பார், வீடியோ அழைப்பில் பேசுவார். எங்கள் இருவருக்கும் ஒத்துவர வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

வென்டாய் என்ற மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டால், அதற்குள் பல ஐஎஸ்ஓ கோப்புகளை (ஓர் இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) நகலெடுத்துவிட்டு, கணினியைத் தொடங்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸின் வகைகளான உபுண்டு, ஃபெடோரா, மின்ட் மூன்றையும் இப்படித்தான் பார்த்தேன். நிறுவு என்று நாம் சொல்லாதவரை ஹார்ட் டிஸ்கில் இருப்பது அப்படியே இருக்கும். ஒலி, கேமரா, வைஃபை, பிரிண்டர், தூங்கவைத்தால் ஒழுங்காக எழுகிறதா என்பது வரை எல்லாவற்றையும் அங்கேயே சோதித்துவிட வேண்டும். என்னிடமிருந்த ஒரு யுஎஸ்பி வைஃபை கருவி மூன்றிலுமே வேலை செய்யவில்லை. நிறுவும் முன்பே அது தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

ஃபெடோரா எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு சுமார் 13 மாதங்கள்தான். நான் ஊரில் இல்லாதபோதும் அம்மா பயன்படுத்தும் கணினிக்கு அது சரிவராது. உபுண்டுவின் நீண்ட ஆதரவுப் பதிப்பில் அந்தக் கவலை இல்லை. ஆனால் திரையின் அமைப்பே அவருக்குப் புதிது. மின்ட் 22 அதே உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்டது, 2029 வரை ஆதரவு உண்டு. கீழே பட்டை, இடது ஓரத்தில் மெனு, வலது ஓரத்தில் கடிகாரம். அம்மா எதையும் கேட்காமலே உலாவியைத் திறந்துவிட்டார். அங்கேயே நான் முடிவு செய்துவிட்டேன் என்று சொல்லலாம்.

இனி என் வேலை. மென்பொருள் மேலாளரில், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் தமிழ் 99, தட்டச்சு முறை, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகை முறைகள் எல்லாம் கிடைக்கின்றன. நான் தமிழ் 99; கைப்பழக்கத்தில் எதுவும் மாறவில்லை. சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. வேர்டு கோப்பில் எழுதியவர் விண்டோஸின் தமிழ் எழுத்துருக்களான லதாவையோ நிர்மலாவையோ வைத்திருப்பார். மின்ட்டில் அவை கிடையாது. வேர்டு கோப்புகளைத் திறக்க மின்ட்டில் உள்ள லிப்ரே ஆபீஸ் வேறு தமிழ் எழுத்துருவை அந்த இடத்தில் வைத்துக் காட்டும். எழுத்துகளின் அகலம் மாறுவதால் வரிகள் நகர்ந்து, பக்க எண்களும் தள்ளிப்போகின்றன. ஆங்கிலக் கோப்புகளுக்கு இந்தத் தொல்லை குறைவு: காலிப்ரிக்கு அதே அகலமுள்ள கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா என்று மாற்று உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இப்போதைக்கு, 'பக்கம் 42, மூன்றாம் வரி' என்று குறிப்பிட வேண்டிய வேலைக்குக் கோப்போடு பிடிஎஃப்பும் கேட்டு வாங்கிவிடுகிறேன். யூனிகோடுக்கு முந்தைய பாமினி கோப்புகளோ, அந்த எழுத்துருவை நிறுவியதும் சரியாகத் தெரிகின்றன.

மின்ட்டில் நான் மிகவும் மதிப்பது டைம்ஷிப்ட். அது கணினி அமைப்பின் நிலையைச் சேமித்து வைக்கும். ஒரு மேம்படுத்தலால் ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் உங்கள் ஆவணங்களையும் படங்களையும் அது இயல்பாகச் சேர்ப்பதில்லை. அவற்றுக்கு வெளி டிஸ்கில் தனி நகல் அவசியம். மேம்படுத்தல் வந்தால் மூலையில் ஒரு சின்னம் தோன்றும், அவ்வளவுதான். வேலை நடுவில் தானாகக் கணினியை நிறுத்தித் தொடங்குவது கிடையாது.

பிரிண்டர் தானாகவே வந்துவிட்டது, ஸ்கேனரும் அப்படியே.

போட்டோஷாப், மைக்ரோசாப்ட் ஆபீஸ் இரண்டும் லினக்ஸில் நேரடியாக நிறுவும் வடிவில் வருவதில்லை. அவற்றை நம்பித் தொழில் நடத்துபவர்கள் மாற வேண்டாம் என்பதே என் கருத்து. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் ஆன்லைன் விளையாட்டுகள் பலவும் ஓடாது. ரேம் 4 ஜிபிதான் என்றால் மின்ட்டின் முதன்மைப் பதிப்பான சினமனை விட்டு, அதைவிட இலகுவான எக்ஸ்எப்சிஇ பதிப்பை எடுங்கள். அதற்கும் குறைவென்றால் மின்ட்டுக்கு முன்னால் ரேமைப் பற்றி யோசியுங்கள். எந்த அமைப்பைப் போட்டாலும் இன்றைய உலாவி அந்த நினைவகத்தை விழுங்கிவிடும்.