பலகை தர மறுத்த தம்பி

பயணத்தில் மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தது, எழுத ஒன்றுமில்லை. இந்தக் கதையை மட்டும் சொல்லியே ஆகவேண்டும்.

இலங்கையின் கிழக்குக் கரையில் சர்ஃபுக்குப் பேர்போன அறுகம்குடாக் கூட்டத்துக்குள் மகளை இறக்க மனம் வரவில்லை. பானமைப் பக்கம் பீனட் பாம் என்ற கடற்கரைக்கு ஓட்டோ பிடித்தோம். முன்பு உகந்தமலை முருகனிடம் போகும்போது அந்தப் பக்கம் பற்றையும் மணலும்தான். கடலில் கால் நனைத்தாலே அம்மம்மா அதட்டுவா. இப்போது ஓலைக் கொட்டில், இளநீர், வாடகைக்குச் சர்ஃப் பலகைகள்.

பின்னேரம் போய், பலகை வாடகைக்கு விடும் தம்பியிடம் ஒன்று கேட்டேன்.

"இப்ப தரமாட்டன் அண்ணே, காத்து திரும்பிட்டு. நாளைக்கு விடிய வாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாங்கள் இருக்கும் சிட்னியில் படிவத்தில் கையெழுத்து வைத்தால் பலகை கைக்கு வந்துவிடும், பிறகு மூழ்கினால் அவரவர் பாடு. "காசு தாறன்தானே தம்பி?" என்றேன். அவன் என்னை விட்டுவிட்டு மகளிடம் திரும்பினான்: "தங்கச்சி, கடலில நீந்தியிருக்கீங்களா, நீச்சல் தடாகத்தில மட்டுமா?"

தடாகத்தில்தான்.

உடனே கடலைக் காட்டினான். இரு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு கீற்று மட்டும் கருமையாய், அலையில்லாமல் சாதுவாகக் கிடந்தது. யாரும் அதற்குள்தான் இறங்குவார்கள். "அதுதான் இழுக்கிற இடம். மாட்டினா கரைக்கு நேரா நீந்தப்படாது. பக்கவாட்டில போய், அலை உடையிற இடத்தால வரணும்." சிட்னிப் பிள்ளைகளுக்குச் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே குளிக்கத் தெரியும். கொடியில்லாத கடலை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இதையெல்லாம் சொல்ல வேண்டிய எச்சரிக்கைப் பலகையோ வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. மிச்ச எழுத்தின் மேல் யாரோ விளம்பரம் ஒட்டிவிட்டார்கள். களப்பில், அதாவது கடலோர நீர்நிலையில், இருக்கும் முதலையைப் பற்றி ஒரு வரி இல்லை. 2017இல் பக்கத்து யானைப்பாறைக் களப்பில் கை கழுவப் போன பிரித்தானியப் பத்திரிகையாளர் முதலைக்குப் பலியான பிறகுமா? களப்பில் மணல் கழுவ வேண்டாம் என்று எங்களைத் தடுத்ததும் இதே தம்பிதான். பானமை வீதியில் யானை ஏறும், இருட்ட முன் கிளம்புங்கள் என்று ஓட்டோக்காரரையும் அவனே விரட்டினான்.

விடிய வந்தால் வேறு கடல். தரைக்காற்று, கண்ணாடி மாதிரித் தண்ணீர். பலகையோடு மகளைப் பிணைக்கும் கணுக்கால் கயிற்றை அவன் வெடுக்கென்று இழுத்தான். மணல் ஏறிய ஒட்டுப்பட்டி கழன்று வந்தது. அதை எறிந்துவிட்டு வேறொன்று கட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையைத் தள்ளிவிட்டான். அவள் எழும்பி நின்றதும் என்னைவிட அவன்தான் கூடக் கத்தினான். வாங்கியது வாடகை மட்டும்.

போகிறவர்கள் ஏப்ரலுக்கும் ஒக்டோபருக்கும் இடையில், காலையில் போங்கள். உடை மாற்றும் தட்டிக்கு மட்டும் கதவில்லை. நான் வெளியே துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டால், "அடுத்த சீசனுக்குப் போடுவம் அண்ணே" என்கிறான்.