ஊட்டி உறைபனிக்கு எது சரி: மிலாரா, சாக்கா, பிளாஸ்டிக்கா, தண்ணீரா?

ஊட்டியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். சில வருடம் நாலைந்து நாள் லேசாக விழுந்துவிட்டுப் போய்விடும். குளிர் கடுமையான வருடத்தில் காந்தல், தலைகுந்தா பக்கமெல்லாம் விடியும்போது புல்வெளி உப்பைக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் பிகோனியாவும் டேலியாவும் வெந்த கீரையாகத் துவண்டுவிடும். ஒரு வருடம் ஆசையாக வளர்த்த செடி ஒரே இரவில் இப்படிப் போவதைப் பார்ப்பது பெரிய வேதனை.

பனி 'விழுகிறது' என்று சொல்கிறோம். உண்மையில் நடப்பது வேறு: மேகமும் காற்றும் இல்லாத இரவில் செடி தன் சூட்டை வானத்துக்கு இழக்கிறது. ஆள் உயரத்தில் வைத்த வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதே தரையை ஒட்டிய புல் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் மேட்டுத் தோட்டம் தப்பித்த இரவில் பள்ளத்துத் தோட்டம் கருகும். இரவில் செடிக்கு இருக்கிற ஒரே அடுப்பு, பகலெல்லாம் வெயில் வாங்கிய மண்தான். அந்தச் சூட்டை எது பிடித்து வைக்கிறது என்று பார்த்தால், எந்தப் போர்வை நல்லது என்பது பிடிபட்டுவிடும்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை கோத்தகிரி மிலார் செடியின் கிளைகளால் மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைச் செடிகளையும் இப்படித் தழை போட்டுக் காப்பாற்றுவது உண்டு. என் வாக்கு இதற்குத்தான். கிளைகளுக்கு நடுவே காற்று தங்கும். வெளிச்சமும் கொஞ்சம் உள்ளே போகும். அதனால் தினமும் காலையில் பிரித்து மாலையில் மூடும் வேலை இல்லை. வாரக்கணக்கில் அப்படியே விடலாம். ஒரே குறை, நெருக்கமாக வேயாவிட்டால் சந்து வழியாகச் சூடு போய்விடும். மிலார் கிடைக்காத ஊரில் வைக்கோல் போதும்.

வீட்டுத் தோட்டத்துக்கு அடுத்தது பழைய சணல் சாக்கு, போர்வை. ஒரு இரவு என்று கணக்குப் போட்டால் கனமான சாக்கு மிலாரையும் மிஞ்சும். ஆனால் செடியின் தலையில் தொப்பி போல் போட்டுத் தண்டில் கட்டாதீர்கள். மண்ணின் சூடு உள்ளே வர வேண்டுமானால் சாக்கு தரை வரை தொங்க வேண்டும். சூரியன் மறைவதற்கு முன்பே மூடி, காலையில் பனி உருகிய பின் எடுத்துவிடுங்கள். நனைந்த சாக்கு கனத்தில் செடியை ஒடிக்கும் என்பதால் நாலு குச்சி நட்டு அதன்மேல் போடுவது நல்லது. கடையில் விற்கும் மெல்லிய வெள்ளைப் பயிர்த்துணி அவ்வளவு கனமில்லை, நேரடியாகவே போர்த்தலாம். ஆனால் ஒன்றிரண்டு டிகிரிதான் தாங்கும், கடும் பனிக்கு இரண்டு அடுக்கு வேண்டும்.

பிளாஸ்டிக் தாள்தான் நிறையப் பேர் முதலில் தேடுவது, நிறையப் பேரை ஏமாற்றுவதும் அதுதான். சாதாரண பாலித்தீன் வெளிச்சத்தை விடுவதுபோலவே சூட்டையும் வானத்துக்கு விட்டுவிடும். தாளில் ஒட்டிய இலைதான் முதலில் உறையும். பகலில் எடுக்க மறந்தால் உள்ளே வெந்துபோகும். சட்டம் கட்டி, இலை படாமல், உள்ளே ஒரு துணியும் போர்த்தினால் மட்டும் பயன் உண்டு. மழையும் பனியும் மாறி மாறி வரும் வாரத்தில் சாக்கு நனையாமல் இருக்க மேலே போடலாம், அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி சூட்டை வெளியே விடுகிறது. இரவு முழுக்க ஸ்பிரிங்க்ளர் ஓடினால் செடி பனிக்கட்டிக்குள்ளேயே பூஜ்யம் டிகிரியை ஒட்டி உயிரோடு இருக்கும். ஆனால் அதே ஒரு கிராம் ஆவியாகும்போது சுமார் 600 கலோரியை எடுத்துக்கொள்ளும். காற்று அடித்தாலோ, நடுராத்திரியில் தண்ணீர் தீர்ந்து நின்றாலோ, தெளிக்காத செடியைவிட மோசமாகப் போகும். வீட்டுத் தொட்டித் தண்ணீரை நம்பி இதில் இறங்கவே வேண்டாம். அதற்குப் பதில் முந்தைய நாள் பகலில் மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள். ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைச் சேர்த்து வைக்கும். மூடாமல் விட்ட செடியில் பனி படிந்திருந்தால், வெயில் படுமுன் லேசாகத் தண்ணீர் தெளித்து மெல்ல உருக வைக்கலாம். கருகுவது கொஞ்சம் குறையலாம்.

சருகு கொளுத்திப் புகை போடுவது எனக்கு ஒப்பவில்லை. புகையால் சூட்டைத் தடுத்து நிறுத்த முடியாது, பக்கத்து வீட்டுக்கு இருமல்தான் வரும்.

சரி, தொட்டியில் உள்ள ஃபியூஷியா, ஜெரேனியம்? அவற்றுக்கு எந்தப் போர்வையும் வேண்டாம், மாலையில் திண்ணைக் கூரைக்கடியில் சுவரோரம் நகர்த்தினால் போதும். கேரட், முட்டைக்கோஸ், பேன்சி எல்லாம் லேசான பனியைத் தாங்கும், இருக்கிற சாக்கை மரத்தக்காளிக் கன்றுக்கும் பிகோனியாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று: கருகிய கிளையை உடனே வெட்டிவிடாதீர்கள். அடுத்த பனி படாமல், தனக்குக் கீழே உள்ள மொட்டுகளை அது மூடி நிற்கிறது. வெட்டினால் வரும் இளந்துளிரும் கருகும். பிப்ரவரி போகட்டும், நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பச்சை தெரிகிற இடத்துக்கு மேலே வெட்டுங்கள்.