முற்றத்துக் கண்ணாடிக் கதவு: யூபிவிசியா, அலுமினியமா, தூக்கி நகர்த்தும் வகையா?

கூடத்துக்கும் முற்றத்துக்கும் இடையே கண்ணாடி ஸ்லைடிங் கதவு வைப்பது என்று முடிவான பிறகு, நான் அதிகம் விசாரித்தது கண்ணாடியைப் பற்றியோ சட்டத்தின் நிறத்தைப் பற்றியோ அல்ல, கதவின் காலடியில் கிடக்கும் தண்டவாளத்தைப் பற்றித்தான். முன்பு குடியிருந்த வீட்டில் யூபிவிசி, அதாவது கெட்டியான பிவிசி பிளாஸ்டிக், சட்டம் கொண்ட ஸ்லைடிங் கதவு ஒன்று இருந்தது. தொடக்கத்தில் ஒரு விரலால் தள்ளினாலே ஓடிய அந்தக் கதவை ஏழாம் ஆண்டில் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. கண்ணாடி பதித்த நகரும் பகுதியைத் தொழிலில் ஷட்டர் என்பார்கள். அதைக் கழற்றிப் பார்த்தபோது அடியிலிருந்த நைலான் சக்கரங்கள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தன. அந்த அளவு ரோலர் தயாரிப்பிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடியும் சட்டமும் பழுதின்றி இருக்க, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உதிரிபாகத்துக்காக முழுக் கதவையும் மாற்ற நேர்ந்தது. இப்போது நான் வைத்திருப்பது இரண்டு ஷட்டர் கொண்ட சாதாரண அலுமினிய ஸ்லைடிங் கதவு. இந்த அலசலில் தராசு அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கீல் வைத்துத் திறக்கும் இரட்டைக் கதவையும், விசிறிபோல மடங்கும் கதவையும் நான் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டேன். முன்னது திறந்து விரிய இடம் கேட்கிறது. பின்னது வாசலை ஏறக்குறைய முழுவதுமாகத் திறந்து தருகிறது என்றாலும், கீல்களும் இணைப்புகளும் பெருகப் பெருகப் பராமரிப்பும் பெருகுகிறது. இரண்டு ஷட்டர் ஸ்லைடிங் கதவு வாசலில் பாதியைத்தான் திறக்கும். அந்தக் குறையை அறிந்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். அல்லது மூன்று தடங்களில் மூன்று ஷட்டர் வைத்து மூன்றில் இரண்டு பங்கு திறப்பைப் பெறலாம்.

யூபிவிசிக்கு உரிய பெருமையை மறுக்க முடியாது. அதன் மூலைகள் சூடேற்றி உருக்கி ஒட்டப்படுவதால், அங்கே நீர் கசிய இடமில்லை. அலுமினியச் சட்டத்தின் மூலைகளோ உள்ளே கோணத்துண்டு வைத்து இணைக்கப்பட்டு, பசையால் அடைக்கப்படுபவை. அந்தப் பசை சரியாகப் பூசப்படாவிட்டால் நீர் வழி கண்டுபிடித்துவிடும். வெப்பத்தைக் கடத்துவதிலும் யூபிவிசியே மேல்: அலுமினியம் அதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடுதலாக வெப்பத்தைக் கடத்துகிறது. கடுங்குளிர் உள்ள இடங்களில் வெறும் அலுமினியச் சட்டத்தின் உட்புறம் வியர்த்து நீர் வழிவதற்கு இதுவே காரணம். அத்தகைய இடத்தில் அலுமினியம்தான் வேண்டுமென்றால், உட்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் நடுவே பாலியமைடு என்னும் நைலான் வகைப் பிளாஸ்டிக் பட்டை வைத்து வெப்பத்தின் வழியைத் துண்டித்த வகையை வாங்குவதே முறை.

ஆயினும் அகலமான கதவுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. அலுமினியத்தின் விறைப்பு பிவிசியைப்போல இருபது மடங்குக்கும் மேல். இதை ஈடுகட்ட யூபிவிசி சட்டத்துக்குள் துத்தநாகம் பூசிய இரும்புக்குழல் செருகப்படுகிறது. அப்படியும் சட்டம் தடிமனாகவே அமையும், அந்த அளவுக்குக் கண்ணாடியின் பரப்பு குறையும். வெயிலில் நீள்வதும் அப்படியே. மூன்று மீட்டர் நீளச் சட்டத்தின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் கூடினால் அலுமினியம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். பிவிசி 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீள முயலும். நாள்தோறும் நேர்வெயில் படும் அடர்நிறச் சட்டத்தில் இந்த வேறுபாடு பூட்டு சரியாகப் பொருந்துகிறதா என்பதிலேயே தெரிந்துவிடும். மரச்சட்டத்தை நான் பயன்படுத்தியதில்லை, ஆகையால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

இவை எல்லாவற்றையும் அறிந்த பின்னும், சட்டம் எதனால் ஆனது என்பதைவிட அதன் அடியில் உள்ளதே என் முடிவைத் தீர்மானித்தது. கண்ணாடியின் எடையை எவரும் எளிதில் கணக்கிடலாம்: ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ எடை கொண்டது. 1.2 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள ஷட்டரில் 6 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி 43 கிலோ. அதே ஷட்டரில் 6 மில்லிமீட்டர் கண்ணாடிகள் இரண்டைச் சேர்த்த இரட்டைக் கண்ணாடி வைத்தால் 86 கிலோ. சட்டத்தின் எடையும் கூடும்போது நூறு கிலோவை நெருங்கிவிடும். இவ்வளவும் இரண்டு ரோலர்களின் மீது, ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தைத் தொடும் நகக்கண் அளவு இடத்தில் இறங்குகிறது. அந்த வழியில் ஒரு மணல் துகள் கிடந்தால், ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அது தண்டவாளத்தில் கீறலிடுகிறது அல்லது சக்கரத்தில் பதிந்துகொள்கிறது. முற்றத்தை நோக்கிய கதவில் மணல் வராமல் இருக்கப்போவதில்லை.

ஆகவே விற்பனையாளர்களிடம் நான் வைத்த கோரிக்கை ஒன்றுதான்: மாதிரிக் கதவின் ரோலரை என் கண்முன் கழற்றி மாட்டிக் காட்ட வேண்டும். சிலர் சிரித்தார்கள், ஒருவர், அதற்கெல்லாம் தேவையே வராது என்றார். தேவை வந்ததை நான் பார்த்தவன் என்பதால் அந்தப் பதிலை ஏற்கவில்லை. காட்ட முன்வந்தவரிடம் மூன்றைக் கவனித்தேன். ஷட்டரைத் தூக்கி வெளியே எடுத்தபின் ரோலரைச் சில திருகுகளைக் கழற்றியே விடுவிக்க முடிகிறதா. தண்டவாளத்தின் மேல் ஓடுபரப்பு தனியாகப் பொருத்திய துருப்பிடிக்காத எஃகுப் பட்டையா, அல்லது சட்டத்தோடு ஒன்றாகவே அமைந்த அலுமினிய விளிம்பா. ரோலரின் உயரத்தை ஷட்டரின் ஓரத்திலிருந்தே திருகு கொண்டு ஏற்றி இறக்க முடிகிறதா. இவற்றில் இரண்டாவதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். தனிப்பட்டை என்றால் தேய்ந்ததை உருவிவிட்டுப் புதியதை அழுத்திப் பொருத்தலாம். சட்டத்தின் விளிம்பே தேய்ந்தால் சுவரை உடைத்துச் சட்டத்தையே எடுக்க வேண்டியதுதான். தனிப்பட்டை யூபிவிசி கதவிலும் கிடைக்கும். ஆனால் நான் பார்த்த மாதிரிகளில் இந்த மூன்றும் ஒருசேர அமைந்தது அலுமினியக் கதவில்தான். கையோடு இரண்டு சோடி ரோலரை உதிரியாக வாங்கி வைத்துவிட்டேன், பழைய வீடு கற்றுத்தந்த எச்சரிக்கை அது.

பராமரிப்பு எளியது, ஆனால் தவறாமல் செய்ய வேண்டியது. வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் தடத்தைச் சுரண்டித் தூசியை வெற்றிடத் துடைப்பானால் உறிஞ்சிவிடுகிறேன். எண்ணெயோ கிரீஸோ போடுவதில்லை. அவை தூசியைப் பிடித்து அரம்போல வேலை செய்யும் பசையாக மாறும். உலர்ந்துபோகும் சிலிக்கோன் தெளிப்பு போதும். கதவு இறுகத் தொடங்கினால் ரோலரைப் பழிக்குமுன் மேல்சட்டத்தைப் பார்ப்பது நல்லது. வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லின்டல் சிறிது தொய்ந்தாலும், அதற்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி விடாமல் பூசியிருந்தால், கட்டடத்தின் பாரம் கதவின் தலையில் இறங்கிவிடும்.

தூக்கி நகர்த்தும் வகைதான் நான் எடுத்த சாதாரண அலுமினிய ஸ்லைடிங் கதவுக்கு உண்மையான போட்டி. அதில் கைப்பிடியைத் திருப்பியதும் ஷட்டர் சில மில்லிமீட்டர் உயர்ந்து ரோலர்மீது அமர்கிறது. திருப்பி வைத்தால் இறங்கி, தன் எடையாலேயே ரப்பரை அழுத்தி மூடிக்கொள்கிறது. சாதாரண ஸ்லைடிங் கதவில் இந்த அழுத்தம் கிடையாது. அதன் பிரஷ் பட்டைகள் உராய்ந்துகொண்டே நகர வேண்டியிருப்பதால் காற்றையும் ஓசையையும் ஓரளவுக்குத்தான் தடுக்கும். என் உறவினர் வீட்டில் இருக்கும் தூக்கி நகர்த்தும் கதவை மூடினால், வெளியோசை சட்டென்று அடங்குவதைக் கேட்டிருக்கிறேன். பாதி திறந்த நிலையிலும் இறக்கி நிறுத்திவிடலாம் என்பது இன்னொரு வசதி. நானூறு கிலோ ஷட்டரைத் தாங்கும் அமைப்புகளும் உண்டு. பரபரப்பான சாலையோரம் வீடு இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் தூக்கும் பொறியமைப்பு ஷட்டருக்குள் மறைந்திருக்கிறது. பழுதானால் அந்தக் கனத்தை இறக்கிவைக்கவே நான்கு பேர் வேண்டும். ஆண்டுக்கணக்கில் அதனோடு வாழ்ந்த அனுபவம் எனக்கில்லை, ஆகவே இந்தத் தயக்கத்தை ஒரு புறப்பார்வையாளனின் தயக்கமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். டஃபன்டு, அதாவது பதமேற்றிய, கண்ணாடி கட்டாயம். உடைந்தால் கூர்முனைகளாக அல்லாமல் சிறு மணிகளாக உதிரும். பதமேற்றியபின் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது, எனவே அளவு எடுப்பதில் அவசரம் கூடாது. திருட்டு அச்சம் இருந்தால், உடைந்தாலும் விழாமல் படலத்தோடு ஒட்டி நிற்கும் லேமினேட்டட் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கலாம். ஷட்டரை வெளியிலிருந்து தூக்கி எடுக்க முடியாதபடி மேல்தடத்தில் தடுப்புக் கட்டை இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

வாசற்படியின் உயரத்தில்தான் நான் இருமனமாக இருந்தேன். தரையோடு தரையாக அமைந்த தடம் கண்ணுக்கு அழகு, குழந்தைகளும் முதியவர்களும் தடுக்கி விழமாட்டார்கள். ஆனால் மழையோடு காற்று வீசும்போது, தடத்தில் தேங்கும் நீரைக் காற்றின் அழுத்தம் உள்நோக்கித் தள்ளுகிறது. 10 மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் ஏறத்தாழ 98 பாஸ்கல் அழுத்தத்துக்குச் சமம். உட்புற விளிம்பு 50 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் 490 பாஸ்கல் வரை தாங்கும், அது மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதும் அழுத்தம். நான் உயர்ந்த விளிம்பையே எடுத்தேன்.

அப்படி எடுத்தும் முதல் பெருமழையில் கூடம் நனைந்தது. குற்றம் கதவினுடையதல்ல. தடத்தில் சேரும் நீர் வெளியேற, சட்டத்தின் வெளிப்புறத்தில் சிறு துளைகள் உண்டு. முற்றத்தில் பிறகு பதித்த ஓடுகள் அந்தத் துளைகளின் மட்டத்துக்கு மேலே ஏறி அவற்றை அடைத்துவிட்டன. கதவு பொருத்தும்போது ரசமட்டம் வைத்துப் பார்த்த நான், ஓடு பதிக்கும்போது பக்கத்தில் நிற்கவில்லை. பின்னர் கதவின் வெளியோரம் நெடுக மூன்று விரல் அகலத்துக்கு ஓடுகளை வெட்டியெடுத்து, துளைகளுக்குக் கீழே ஒரு கால்வாய் அமைத்து, அதன்மேல் கம்பிச்சல்லடை போட்டோம். அதன்பின் நீர் உள்ளே வரவில்லை. சல்லடையில் சேரும் இலைகளை அள்ளுவது மட்டும் வாராந்தரத் தடம் துடைக்கும் வேலையோடு சேர்ந்துகொண்டது.