ஏற்காட்டுச் சுவரில் ஷோனோ மழை: கையால் அச்சிட்ட ஒரு மறுபதிப்பு

எடோ நகரத்தையும் (இன்றைய டோக்கியோ) கியோத்தோவையும் இணைத்த தோக்காய்தோ நெடுஞ்சாலையின் 53 தங்கல் ஊர்களை ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1830களில் மரப்பலகை அச்சுக்காக வரைந்தார். அவற்றுள் ஷோனோ என்னும் ஊரின் திடீர் மழைக் காட்சியை இயந்திர அச்சில் பல ஆண்டுகள் பார்த்துப் பழகியிருந்த நான், மரப்பலகைகளைப் புதிதாகச் செதுக்கிக் கையாலேயே அச்சிட்ட மறுபதிப்பு ஒன்றை 9,500 ரூபாய்க்கு வரவழைத்தேன். இரண்டு மழைக்காலம் ஏற்காட்டு வீட்டில் வைத்திருந்த பிறகே இதை எழுதுகிறேன்.

பல்லக்குத் தூக்கிகள் மேட்டில் ஏற, குடையைக் காற்றுக்கு எதிரே சாய்த்துப் பிடித்தபடி ஒருவரும், மண்வெட்டியோடு இன்னொருவரும் சரிவில் ஓடி இறங்குகிறார்கள். பல்லக்குக்குள் இருப்பவரின் முகத்தை ஓவியர் காட்டவில்லை. ஓவியரின் கவனமெல்லாம் நனைகிறவர்கள் மீதுதான். வைக்கோல் மேலாடைக்குள் குனிந்து நடப்பவரைப் பார்க்கும்போதெல்லாம், சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு காப்பித் தோட்டத்திலிருந்து திரும்பும் எங்கள் ஊர்ப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

கொடுத்த விலைக்கு முழு நியாயம் செய்வது பின்னணியில் வளையும் மூங்கில் தோப்பு. பலகையில் தடவிய மையை அச்சிடுபவர் ஈரத்தால் படிப்படியாக மங்கச் செய்வதால், அடுத்தடுத்த சாம்பல் நிழல்கள் விளிம்பே தெரியாமல் வெளிச்சத்துக்குள் கரைகின்றன. இயந்திர அச்சில் அந்த இடம் வெறும் புள்ளிக் கூட்டமாகவே இருந்தது. தாளைத் திருப்பி ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால், மூங்கில் மட்டை சுற்றிய பாரென் என்னும் தேய்ப்பு வட்டு சுழன்ற தடங்களும் தெரிகின்றன.

சட்டம் போட்ட அனுபவம்தான் கசப்பானது. சேலத்தில் ஒரு கடையில், மவுண்ட் (கண்ணாடி தாளில் படாதபடி இடையில் வைக்கும் அட்டை) வையுங்கள் என்று சொல்லியும் கண்ணாடியைத் தாள்மேல் நேராக அழுத்தி ஆணியடித்துவிட்டார்கள். ஐப்பசிப் பனிமூட்டத்தின் ஈரம் உள்ளே இறங்கி, இடது மூலை அலை அலையாக நெளிந்துவிட்டது. பிறகு வேறொருவரிடம் பிரித்து, அமிலமற்ற அட்டையில் சாளரம் வெட்டி, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி விட்டு மறுபடியும் போட்டுக்கொண்டேன். நெளிவு முழுமையாக நீங்கவில்லை. வாங்குகிறவர்கள் சட்டத்துக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள், வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வெயில் நேரே விழும் சுவரும் வேண்டாம். என் படம் இப்போது வடக்கு அறையில், கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.